வெண்படலத்துக்கு முன்னால் நடந்தது

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கண்மணிக்குள் வெள்ளையாக ஒரு படலம் தெரியும், பார்வை போயிருக்கும். இந்த நோயைப் பற்றி 1942-இல் ஒரு கட்டுரையும் 1952-இல் இன்னொரு கட்டுரையும் வந்தன. இரண்டும் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆப்தல்மாலஜி' என்ற ஒரே இதழில் வந்தவை. எழுதியவர்கள் எல்லோருமே கண் திசுவை நுண்ணோக்கியில் பார்த்துத் தேர்ந்தவர்கள். முதல் கட்டுரை, கண்வில்லையின் பின்புறம்தான் நோயின் பிறப்பிடம் என்கிறது. இரண்டாவது கட்டுரை விழித்திரையைக் காட்டுகிறது. இரண்டுக்கும் இடையே பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். முதலில் பார்த்தவருக்கு ஏன் புலப்படவில்லை? பிறகு பார்த்தவர்களுக்கு எப்படிப் புலப்பட்டது? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய இதழ்களுக்குள் இழுத்துச் சென்றது.

இதற்காக நான் பாஸ்டனுக்கோ லண்டனுக்கோ போக வேண்டியிருக்கவில்லை. 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆப்தல்மாலஜி', அமெரிக்கக் கண்மருத்துவச் சங்கத்தின் ஆண்டு நடவடிக்கைகள் போன்ற பழைய தொகுதிகள் பக்கம் பக்கமாக ஒளிவருடப்பட்டு, கட்டணமில்லாமல் இணையத்தில் கிடைக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சிவகிரியில் உட்கார்ந்தபடியே எழுபது, எண்பது ஆண்டுக்கு முந்தைய திசுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது.

சிவகிரியிலிருந்து இதைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. "பிள்ளையைப் பெட்டியில வச்சிருக்காங்க" என்ற பேச்சு இப்போது எங்கள் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது; பெட்டி என்றால் இன்குபேட்டர். ஒரு தலைமுறைக்கு முன்னால் பிழைத்திருக்கவே வாய்ப்பில்லாத ஏழுமாதப் பிள்ளைகள் இன்று பிழைத்து வீட்டுக்கு வருகிறார்கள். அப்படிப் பிழைத்து வரும் பிள்ளைகளைத்தான் இந்த நோய் பிடிக்கிறது. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ஆர்.ஓ.பி. என்கிறார்கள், குறைமாத விழித்திரை நோய்.

முதல் சான்று: பாஸ்டன், 1942

1941 பிப்ரவரியில் பாஸ்டன் குழந்தைமருத்துவர் ஸ்டூவர்ட் கிளிஃபோர்டு ஒரு குறைமாதக் குழந்தையைப் பார்க்கப் போனார். குழந்தையின் கண்களில் ஏதோ கோளாறு இருப்பது அவருக்குத் தெரிந்தது. விரைவிலேயே அதேபோன்ற இன்னொரு குழந்தையும் வந்தது. விஷயம் ஹார்வர்டைச் சேர்ந்த கண்மருத்துவர் தியோடர் டெர்ரியிடம் போனது. 1942-இல் அவர் வெளியிட்ட முதற்குறிப்பு இரண்டே பக்கம். வில்லையைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய் உறை மறையாமல் நின்றுவிட்டதாகவும், அதன்மேல் நார்த்திசு மிகையாக வளர்ந்ததாகவும் தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறார்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் டெர்ரியைக் குறைசொல்ல மனம் வராது. கருவிலிருக்கும் குழந்தையின் கண்வில்லையை மெல்லிய இரத்தக்குழாய்கள் வலையாகச் சுற்றியிருக்கும். கண் வளர வளர அந்த வலை சுருங்கி, பிரசவ காலத்துக்குள் மறைந்துவிடும். ஏழாம் மாதத்திலேயே பிறக்கும் குழந்தைக்கு அது இன்னும் இருக்கும். குறைமாதக் குழந்தை, வில்லைக்குப் பின்னால் வெள்ளைத் திசு, அதே இடத்தில் மறையவேண்டிய ஒரு வலை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் டெர்ரியின் முடிவு இயல்பாகவே வந்து நிற்கும். அதே ஆண்டில் அவர் இந்த வரிசையில் மேலும் கட்டுரைகள் எழுதினார். அவற்றின் தலைப்புகளும் அந்த உறையையே சுற்றிவருகின்றன. 1946-இல் அவர் காலமானார். அதற்குள் நோய்க்கு 'ரெட்ரோலென்டல் ஃபைப்ரோபிளேசியா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பாஸ்டனில் தொடங்கிய செய்தி, நல்ல குழந்தைப் பிரிவுகள் இருந்த நகரங்களிலிருந்தெல்லாம் வரத் தொடங்கியிருந்தது.

அந்தக் காலத்தில் நுண்ணோக்கிக்கு எந்த மாதிரிக் கண்கள் வந்தன என்று தேடியபோது முதல் துப்பு கிடைத்தது. கண்மணிக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் மருத்துவர்கள் முதலில் அஞ்சுவது விழித்திரைப் புற்றுநோயை. அந்த அச்சத்தில் கண்ணையே அகற்றிவிடுவதுண்டு. இப்படி அகற்றப்பட்ட கண்கள்தான் திசு ஆய்வுக்கு வந்தன. அவை நோய் முற்றி, பல மாதங்கள் கடந்த கண்கள். விழித்திரை முழுவதும் கழன்று, மடிந்து சுருங்கி, வில்லையின் பின்புறத்தில் போய் ஒட்டியிருக்கும். இரத்தக்குழாய், நார்த்திசு, பழைய இரத்தக்கசிவின் கறை எல்லாம் ஒரே தழும்பாக இறுகியிருக்கும். அந்தக் கண்களின் திசுச் சீவலில் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று பிரித்தறிய வழியில்லை. டெர்ரிக்குக் கிடைத்தது கதையின் கடைசிப் பக்கம் மட்டுமே.

இரண்டாம் சான்று: இறந்த குழந்தைகளின் கண்கள்

அடுத்த திருப்பம் பால்டிமோரில். ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த வில்லியம் ஓவன்ஸ், எல்லா ஓவன்ஸ் தம்பதியர் குறைமாதக் குழந்தைகளின் கண்களைப் பிறந்தது முதல் திரும்பத் திரும்பப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். 1949-இல் வந்த அவர்களது முடிவு தெளிவானது: பிறக்கும்போது கண் நன்றாகவே இருக்கிறது, வாரங்கள் கழித்தே விழித்திரை இரத்தக்குழாய்கள் விரிந்து நெளிகின்றன, அதன்பிறகே மற்றவை எல்லாம். கருவிலிருந்தே நின்றுபோன உறை காரணமாக இருந்தால் பிறந்த அன்றே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அப்படியானால் அந்த முதல் வாரங்களின் திசு எப்படி இருக்கும்? அதைப் பார்க்க முற்றாத கண் வேண்டும். உயிருள்ள குழந்தையின் முற்றாத கண்ணை யாரும் அகற்றமாட்டார்கள். மூச்சுத்திணறலாலோ தொற்றாலோ குழந்தைப் பிரிவில் இறந்துபோன சிசுக்களின் கண்களே அந்தச் சான்றைத் தந்தன. ஜோனஸ் ஃப்ரீடன்வால்ட், ஓவன்ஸ் தம்பதியருடன் சேர்ந்து 1951-இலும், நியூயார்க்கில் ஆல்ஜெர்னான் ரீஸ், ஃபிரடெரிக் பிளோடி, லாக் மூவரும் 1952-இலும் எழுதிய திசு ஆய்வுகள் அப்படி வந்தவை. என் தேடலைத் தொடங்கிவைத்த இரண்டாவது கட்டுரை இந்த 1952 கட்டுரைதான்.

இந்தக் கட்டுரைகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். விழித்திரையின் உள்பக்கத்து அடுக்கான நரம்பிழை அடுக்கில், ஓரப்பகுதியில், இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் குவியல் குவியலாகப் பெருகியிருக்கின்றன. சில இடங்களில் அவை சிறுநீரகத்தில் இருக்கும் நுண்குழாய் முடிச்சுகளை ஒத்த சுருள்களாகத் திரண்டிருக்கின்றன. நோய் இன்னும் கொஞ்சம் முன்னேறிய கண்களில் இந்தச் சுருள்கள் விழித்திரையின் உள் எல்லைப் படலத்தைக் கிழித்துக்கொண்டு கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் என்ற கூழ்ப்பகுதிக்குள் நுழைகின்றன. அங்கே இரத்தம் கசிகிறது, நார்த்திசு படர்கிறது. படர்ந்த நார்த்திசு பின்னர் சுருங்கும்போது விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது. வில்லைக்குப் பின்னாலிருந்த அந்த வெள்ளைத் தழும்பு, விழித்திரையின் ஓரத்தில் வாரங்களுக்கு முன் தொடங்கியதன் முடிவு.

டெர்ரியின் கருத்து முழுக்க வீணானது என்றும் சொல்ல முடியாது. கருவின் உறை மறையாமல் நிற்பதால் வரும் கண்நோய் உண்மையிலேயே உண்டு. அது பெரும்பாலும் முழுமாதக் குழந்தைகளுக்கு, ஒரு கண்ணில் மட்டும், கண் சிறுத்த நிலையில் வருவது. 1955-இல் ரீஸ் அதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். முற்றிய நிலையில் ஒன்றுபோலத் தோன்றிய இரண்டு நோய்கள் அப்படித்தான் பிரிந்தன.

மூன்றாம் சான்று: லண்டனின் பூனைக்குட்டிகள்

இடம் தெரிந்துவிட்டது. செல்கள் ஏன் அங்கே போய்ப் பெருகின என்ற கேள்வி மிச்சம். அன்றைய கட்டுரைகளில் சந்தேகப் பட்டியல் நீளமானது: வெளிச்சம், வைட்டமின், இரும்புச் சத்து, பசும்பால். ஓவன்ஸ் தம்பதியரே வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள்.

1951-இல் மெல்போர்ன் குழந்தைமருத்துவர் கேட் கேம்ப்பெல், ஆக்சிஜனைத் தாராளமாகத் தரும் இடத்தில் நோய் அதிகமாகவும், சிக்கனமாகத் தரும் இடத்தில் குறைவாகவும் இருப்பதைக் கவனித்து எழுதினார். வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் 1952-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். அதிக ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளில் கடும் நோய் வந்தது. குறைவாகப் பெற்றவர்களில் வரவில்லை. 1953 ஜூலையில் எவரெட் கின்சி தலைமையில் 18 மருத்துவமனைகள் சேர்ந்த ஆய்வு தொடங்கியது. 786 குழந்தைகள் பங்கேற்றார்கள். 1954 செப்டம்பரில் முடிவு அறிவிக்கப்பட்டது. நீண்ட நாள் கொடுத்த மிகை ஆக்சிஜன்தான் முக்கியக் காரணம்.

ஆனால் ஆக்சிஜன் திசுவை என்ன செய்கிறது? இதற்கான விடையை லண்டன் கண்ணியல் நிறுவனத்தில் நார்மன் ஆஷ்டன் கண்டார். பூனைக்குட்டி பிறக்கும்போது அதன் விழித்திரையின் இரத்தக்குழாய்கள் குறைமாத மனிதக் குழந்தையினுடையவைபோலப் பாதி வளர்ந்த நிலையில் இருக்கும். ஆஷ்டன் குட்டிகளைச் சில நாட்கள் அதிக ஆக்சிஜனில் வைத்தார். பிறகு இரத்தக்குழாய்களுக்குள் இந்திய மையைச் செலுத்தி, விழித்திரையைத் தட்டையாக விரித்து நுண்ணோக்கியில் வைத்தார். குழாய் திறந்திருக்கும் இடமெல்லாம் மை கறுப்பாக ஓடியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் இதழின் 1953, 1954 தொகுதிகளில் உள்ள படங்களில் மை பெரும்பாலான இடங்களுக்குப் போகவே இல்லை. குழாய்கள் மூடி, செல்கள் அழிந்திருந்தன. குட்டிகளைச் சாதாரணக் காற்றுக்குத் திருப்பிய பிறகு, ஒழுங்கில்லாத புதுக் குழாய்கள் வெறிகொண்டு முளைத்தன. வளர்ந்த பூனைகளில் இது எதுவுமே நடக்கவில்லை.

ரீஸும் ஃப்ரீடன்வால்டும் பார்த்த செல்பெருக்கம் இரண்டாம் கட்டம். அதற்கு முன்னால் ஓசையில்லாத அழிவு ஒன்று நடந்திருக்கிறது. மனிதக் கண்ணில் அது குழந்தை பெட்டிக்குள் இருக்கும் முதல் வாரங்களில் நடக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர்க் கண்மாய்ப் பாசனத்தை நினைத்துக்கொள்ளலாம். விழித்திரையில் இரத்தக்குழாய்கள் கருவின் பதினாறாம் வாரத்தில் நடுவிலுள்ள பார்வை நரம்பிலிருந்து புறப்பட்டு, வாய்க்கால்போல ஓரத்தை நோக்கி நகர்கின்றன. மூக்குப்பக்க ஓரத்தை முப்பத்தாறாம் வாரத்திலும், காதுப்பக்கக் கடைமடையை நாற்பதாம் வாரத்திலும் அடைகின்றன. முப்பதாம் வாரத்தில் பிறந்த குழந்தைக்கு வாய்க்கால் பாதி வழியில் நிற்கிறது. கருவில் அதன் இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் பிறந்தபின் இருப்பதைவிட மிகவும் குறைவு. பிறந்ததும் ஆக்சிஜன் மிகும்போது முன்னே நீளும் குழாய்கள் சுருங்கி அழிகின்றன. குழாய் சென்று சேராத பகுதி வாரங்கள் செல்லச் செல்ல வளர்ந்து, பசியால் கதறும்.

அந்தக் கதறல் ஒரு வேதிப்பொருளாக இருக்க வேண்டும் என்று ஐசக் மைக்கேல்சன் 1948-இலேயே ஊகித்தார். ஆக்சிஜன் குறைந்த விழித்திரை தன்னிடமிருந்து ஏதோ ஒன்றைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது என்றார். அந்தப் பொருள் பின்னர் வி.இ.ஜி.எஃப். என்ற புரதமாக இனம் காணப்பட்டது. 1995-இல் ஒரு குழு, மிகை ஆக்சிஜன் இந்தப் புரதத்தைக் குறைத்துவிடுவதால்தான் இளம் குழாய்கள் பிழைக்க முடியாமல் சாகின்றன என்று காட்டியது. குறைந்தால் அழிவு, பிறகு மிகுந்தால் வெறிவளர்ச்சி. ஆஷ்டன் மையில் பார்த்த இரண்டு காட்சிகளுக்கும் ஒரே புரதம் விளக்கம் தந்தது. 2001-இல் ஆன் ஹெல்ஸ்ட்ரோம், லோயிஸ் ஸ்மித் ஆகியோரின் ஆய்வு இன்னொரு கண்ணியைச் சேர்த்தது: கருவில் தாயிடமிருந்து ஆதரவு பெறும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிப்பொருள் குறைமாதக் குழந்தைக்குக் குறைந்துவிடுகிறது. அது இல்லாமல் வி.இ.ஜி.எஃப். தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. ஆக்சிஜனை அளந்து கொடுத்தும் மிகச் சிறிய குழந்தைகளுக்கு நோய் வருவதன் பின்னணி இதில் இருக்கிறது.

மேட்டின் உள்ளே

1980-களில் தேடல் மறுபடியும் திசுவுக்குத் திரும்பியது. குழாய் உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் நடுவே மருத்துவர் கண்ணுக்குத் தெரியும் கோடு அல்லது மேடு ஒன்று உண்டு. இந்த மேட்டைச் சீவிப் பார்த்தவர் லாஸ் ஏஞ்சலிஸின் ராபர்ட் ஃபூஸ். அதற்குள் அவர் இரண்டு வரிசைகளைக் கண்டார். குழாயில்லாத பக்கத்தை நோக்கி நிற்கும் முன்வரிசையில் கதிர்வடிவச் செல்கள். அதற்குப் பின்வரிசையில் குழாயின் உட்சுவர்ச் செல்கள். விழித்திரையை உடைத்து வெளியேறும் குழாய்கள் இந்தப் பின்வரிசையிலிருந்து முளைக்கின்றன.

அதே காலத்தில் ஹூஸ்டனில் ஃபிராங்க் கிரெட்சரும் ஹெலன் ஹிட்னரும் இந்தக் கதிர்வடிவச் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆக்சிஜன் தாக்கிய குழந்தைகளில் அந்தச் செல்கள் ஒன்றோடொன்று இணையும் வாயில்கள் பெருகியிருந்தன. நகர்ந்து முன்னேற வேண்டியவை அங்கேயே கட்டுண்டு நின்றன என்பது அவர்கள் முடிவு. 2011-இல் வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தைக் குறைமாதக் குழந்தைகளின் கண்ணில் செலுத்திப் பார்த்த பெரிய ஆய்வு வந்தபோது அதன் முதல் ஆசிரியர் பெயரைக் கண்டு நின்றேன். ஹெலன் மின்ட்ஸ்-ஹிட்னர். நுண்ணோக்கியில் செல்களைப் பார்த்தவரே கால் நூற்றாண்டுக்குப் பின் அவற்றுக்கு மருந்து செலுத்தும் ஆய்வை நடத்தியிருக்கிறார். லேசர் சிகிச்சையும் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது: குழாயில்லாத ஓரப்பகுதியைச் சுட்டுவிட்டால் அது புரதத்தைச் சுரப்பது நின்றுவிடும், மேட்டிலிருந்து குழாய் முளைப்பதும் நிற்கும்.

இடைப்பட்ட ஆண்டுகளில் கொடுத்த விலையும் ஆவணங்களில் இருக்கிறது. 1954-க்குப் பிறகு எல்லா இடத்திலும் ஆக்சிஜனை இறுக்கினார்கள். பார்வையிழப்பு குறைந்தது, மூச்சில்லாமல் இறந்தவர்களும் மூளை பாதித்தவர்களும் கூடினார்கள். 1973-இல் கென்னத் கிராஸ் 'லான்செட்' இதழில் போட்ட கணக்கின்படி, பார்வை காப்பாற்றப்பட்ட ஒரு குழந்தைக்குச் சுமார் 16 குழந்தைகள் இறந்திருக்கலாம். ஆக்சிஜனைக் குறைத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் உரிய நாளில் பார்த்தாக வேண்டும் என்ற பாடம் அங்கிருந்து பிறந்தது.

சென்னைச் சான்று

தமிழ்நாட்டுச் சான்று எனக்கு ஒரு தீர்ப்பில் கிடைத்தது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்தது. 1996 ஆகஸ்ட் 30 அன்று சென்னை எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் 29-ஆம் வாரத்தில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. எடை 1250 கிராம். பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஏறக்குறைய 25 நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லப்படவில்லை. பல மாதம் கழித்தே நோய் தெரிந்தது. அமெரிக்கா வரை கொண்டுபோயும் பார்வை திரும்பவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-இல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது.

இந்தத் தீர்ப்பை 1942 கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அந்தப் பெற்றோரின் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கம்தான். டெர்ரிக்கு முன்பக்கங்கள் இல்லாமல் போனதற்கு அந்தக் காலத்தின் அறியாமை காரணம். 1996-இல் அந்தப் பக்கங்கள் எல்லாம் அச்சில் இருந்தன. ஃப்ரீடன்வால்டின் சீவல், ஆஷ்டனின் மை, ஃபூஸின் மேடு எல்லாமே இருந்தன. நோயின் படிநிலைகளை வகுத்த சர்வதேச அட்டவணையும் 1984-இலேயே வந்துவிட்டது. இல்லாமல் போனது, உரிய வாரத்தில் ஒரு கண்மருத்துவர் குனிந்து அந்தக் கண்ணுக்குள் பார்த்த ஒரு பார்வை.

முப்பது நாள்

இத்தனை ஆவணங்களுக்குப் பின் எனக்கு உறுதியாகத் தெரிவது இது: இந்த நோய்க்கு ஒரு கால எல்லை உண்டு, அது திசுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முதல் வாரங்களில் குழாய் அழியும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. பிறகு மேடு எழும். பரிசோதித்தால் தெரியும், லேசரோ ஊசியோ கேட்கும். அதையும் தாண்டினால் இழுத்துக் கழன்ற விழித்திரை; வெண்மை தாயின் கண்ணுக்கே தெரியும், அப்போது பெரும்பாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. பெற்றவர்களால் பார்க்க முடிகிற ஒரே அறிகுறி, காலம் கடந்த அறிகுறி.

அதனால்தான் இந்திய வழிகாட்டுதல்கள் நாளைக் குறித்துச் சொல்கின்றன. 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2000 கிராமுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் அல்லது 1200 கிராமுக்குக் கீழே பிறந்திருந்தால் 20 நாளுக்குள்ளேயே தொடங்க வேண்டும். மேலைநாடுகளைவிட இங்கே எடை வரம்பு பெரியது; நம் நாட்டில் அவ்வளவு சிறுத்திராத குழந்தைகளுக்கும் நோய் வருகிறது. ஒருமுறை பார்த்ததோடு முடியாது. குழாய்கள் ஓரம்வரை வந்து சேரும்வரை மருத்துவர் சொல்லும் நாட்களில் மறுபடியும் போக வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்திலும் இந்த நோய் சேர்க்கப்பட்டிருக்கிறது. கர்நாடகத்தில் 2008-இல் தொடங்கிய கிட்ராப் திட்டம், பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் கேமராவுடன் சிற்றூர் மருத்துவமனைகளுக்குப் போய் விழித்திரையைப் படமெடுத்து, தொலைவிலுள்ள மருத்துவருக்கு அனுப்பலாம் என்று காட்டிவிட்டது.

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று நெடுஞ்சாலையோரம் வரிசையாக இருக்கும் எங்கள் ஊர்களில் குறைமாதப் பிள்ளை எங்கே பிறந்தாலும், பெரும்பாலும் பெரிய மருத்துவமனையிலிருந்து திரும்பித் தாய்வீட்டுக்கு வருகிறது. முப்பது, நாற்பது நாள் வெளியே எடுக்காமல் பொத்திப் பாதுகாக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த அன்பு காப்பது குழந்தையின் உடம்பை. அதே முப்பது நாளுக்குள்தான் கண்ணின் மேடு எழுந்துகொண்டிருக்கிறது. ஆகவே வீட்டு ஆச்சிகளிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் நான் வேண்டுவது ஒன்றுதான். பெட்டியில் இருந்து வந்த பிள்ளையின் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் எடுங்கள். பிறந்த வாரத்தையும் எடையையும் பாருங்கள். 'விழித்திரைப் பரிசோதனை' என்று தேதியோடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லையென்றால், தீட்டுக் கழிவதற்குக் காத்திராமல் மருத்துவமனையைக் கேளுங்கள். இறந்துபோன சிசுக்களின் கண்களிலிருந்து கற்றுக்கொண்ட அறிவு, உயிரோடு இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய நாளில் போய்ச்சேர வேண்டிய கடன்.